காலையில் பார்த்த காற்று

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் உறிஞ்சிப் பிடித்துவைக்கிற இரும்புத் தொட்டி அது. உள்ளே பட்டாணி அளவில் வெள்ளை உருண்டைகள். அவற்றின் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மேற்பார்வையாளர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "குளிர்ந்தா விழுங்கும், சூடானா கக்கும். அவ்வளவுதாங்க விஷயம்."

தங்கை வீட்டுக்காரனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவனுக்கு வாய்த்துடுக்கு அதிகம், ஆனால் வேலையில் புலி. "மச்சான், உங்க பாட்டைக் கேட்டுக் கேட்டு உருண்டைங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்று எல்லார் முன்னாலும் காலை வாருவான். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அன்று பழைய உருண்டைகளை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். சூடேற்றும் கருவி பழுது என்பதால், விழுங்கிய வாயுவைக் கக்கவைக்காமலே தொட்டியைத் திறந்துவிட்டார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே மேற்பார்வையாளர் காற்றைச் சோதிக்கும் மீட்டரை அடிவரை இறக்கிப் பார்த்தார். காற்று சுத்தம். ஆனால் ஏணி வந்து சேரும்போது உச்சிவேளை ஆகிவிட்டது. தொட்டியின் சுவர் தொட்டால் சுட்டது.

"இன்னொரு தடவை பாத்துடலாமா மச்சான்?"

"காலையிலதானே பார்த்தேன். அதுக்குள்ள கெட்டுப்போறதுக்கு அது என்ன பாலா? இறங்கு மாப்ள."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். சில கூடைகள் மேலே வந்தன. அப்புறம் கயிறு அசையவில்லை. முகமூடி போட்டவர்கள் வந்து அவனைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. சூடானால் கக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனுக்கு, வெயிலும் சூடுதான் என்பது மட்டும் உறைக்கவில்லை. என்ன அறிவு அது, யாருக்கு என்ன பிரயோஜனம்!

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை அழாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய கையுறைகள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவர் சுவரோரம் நின்றார்.

"ஏதேதோ சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியலை. அவரை இறக்கறதுக்கு முன்னாடி நீ காத்தைப் பார்த்தியா அண்ணா?"

"பார்த்தேம்மா."

அது பொய்யில்லை. எப்போது பார்த்தாய் என்று கேட்க அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீ பார்த்திருந்தா சரி. எனக்கு அது போதும்" என்றாள். பிறகு அவர் தோளில் சாய்ந்து, அப்போதுதான் அழத் தொடங்கினாள்.