நாச்சம்மாள் பேரு வந்துருச்சு

வேலந்தாவளம் சாலையிலிருந்த நூல் மில்லின் கேட்டுக்கு வெளியே, கழிவுப் பஞ்சு பொறுக்கும் தற்காலிகப் பெண்கள் காலையிலிருந்து நின்றார்கள். இனிமேல் கம்ப்யூட்டர் அடித்துத் தரும் பாஸ் இருந்தால்தான் வேலை. சாயங்காலத்துக்குள் பாஸ் வராவிட்டால் வேறு ஆள் எடுப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதற்கான புரோகிராமை, வரிக்கொரு கார்டாகத் துளையிட்டு எழுதியவள் புஷ்பமேரி. சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் பிறந்தவள்; படிப்பு முடித்து எழுதிய முதல் புரோகிராம் இதுதான். பேர்கள் முதலில் காந்த டேப்பில் பதிய வேண்டும், பிறகு பிரிண்டருக்குப் போக வேண்டும். வெள்ளைத் தாளில் ஓட்டிப் பார்த்தாள். பிரிண்டர் ஒரே ஒரு பேரை அடித்துவிட்டு நின்றுவிட்டது. தாளோடு கேட்டுக்கு ஓடினாள்.

"நாச்சம்மாள் அக்கா யாரு?"

"நாந்தானுங்க!"

"எங்க பேரெல்லாம் எங்கீங் அம்மிணி?" என்றாள் குருவம்மாள். "இவதானுங்க கடைசியா ஓடியாந்து பேர் குடுத்தா."

கடைசிப் பேர்! புஷ்பமேரிக்குச் சட்டென்று விளங்கியது. ஒவ்வொரு பேருக்கும் டேப்பைப் புதிதாகத் திறக்கும்படி எழுதியிருந்தாள். திறக்கும்போதெல்லாம் டேப் முதலுக்கே திரும்பி, முந்தைய பேரின் மேலேயே அடுத்ததை எழுதியிருக்கிறது. திறக்கச் சொல்லும் கார்டை உருவி, ஒரே தடவை வரும்படி ஆரம்பத்தில் செருகினாள்.

இப்போது பிரிண்டர் சடசடவென்று ஓடியது. கேட்டில் நின்று அவள் பேர்களை வாசிக்க வாசிக்கப் பெண்கள் கைதட்டினார்கள்.

"ஏனுங்க, இப்ப எம்பேரக் காணமுங்களே!"

கடைசியில் கொடுத்த நாலைந்து பேரோடு நாச்சம்மாளும் காணாமல் போயிருந்தாள். குருவம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புஷ்பமேரிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இருங்கக்கா, இந்தா வந்துருதேன்."

மெஷின் பேர்களைச் சேர்த்துவைத்துக் கொத்துக் கொத்தாகத்தான் டேப்பில் இறக்கும். எழுதி முடித்ததும் டேப்பை மூடு என்று அவள் சொல்லவேயில்லை. கடைசிக் கொத்து உள்ளேயே தங்கிவிட்டது. மூடும் கார்டைச் சேர்த்தாள். வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு, பாஸ் அட்டைகளைப் பிரிண்டரில் பூட்டி ஓட்டினாள். ஒரு பேர் விடாமல் வந்தது.

"வாங்கக்கா, மெஷினைப் பாருங்க!" என்று எல்லோரையும் உள்ளே கூட்டிப் போனாள்.

"மார்கழி மாசமாட்ட இருக்குதுங்க!" நாச்சம்மாள் வியர்த்த கழுத்தை ஏர்கண்டிஷன் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "எல்லாரும் வெளியே போங்க! ரூம் சூடானா மெஷினுக்கு ஆகாது."

பெண்கள் சிரித்தபடியே கழிவுப் பஞ்சு அறைக்குப் போனார்கள். பஞ்சு பறந்து வீணாகாமலிருக்க அங்கே ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். நாச்சம்மாள் பாஸை இடுப்பில் செருகி, முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டு, வெள்ளையாய் மிதந்த தூசிக்குள் உட்கார்ந்தாள்.