டெமோ வண்டி

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் முத்துசெல்வி. முடிச்சை இறுக்கும்போது வாசலில் டிரில்லிங் மெஷின் அலறியது. சாவு வீட்டில் சுவரைத் துளைக்கிற மனுஷன் யாரென்று பார்க்க எழுந்து போனாள்.

பிளெக்ஸ் போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே 'வெல்ட்ரா மோட்டார்ஸ்' என்று ஆள் உயர எழுத்து. அதற்குக் கீழே தொப்பியும் கம்பெனி டீசர்ட்டும் போட்டு, கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற அப்பா. அதற்கும் கீழே, போனால் போகிறதென்று ஓர் ஓரமாகக் 'கண்ணீர் அஞ்சலி'. மதுரையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருந்த ஏரியா மேனேஜர் ரகுநந்தன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொல்லிக் கைகாட்டினான். சீசன் நேரம். மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற ஜனம் பூராவுக்கும் பெயர் தெரிய வேண்டுமாம். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, கம்பெனி கடைசிவரைக்கும் சார் கூடவே நிற்கும் என்றான்.

கூடவே நிற்கிற கம்பெனியைப் பற்றி அவளைவிட யாருக்குத் தெரியும்? வீட்டு முன்பக்கத்துக் கடையில் சர்வீஸ் நோட்டு எழுதுகிறவள் அவள்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அப்பா தாணுமாலயன் இந்த டீலர்ஷிப்பை எடுத்தபோது தென்காசியில் வெல்ட்ரா என்றால் மிக்சியா, மாத்திரையா என்று கேட்டார்கள். பெயரைப் பரப்பினால் வண்டி தானாக விற்கும் என்றது கம்பெனி. கொடி அனுப்பியது, குடை அனுப்பியது, சாவிக்கொத்து அனுப்பியது, வழவழவென்று நோட்டீஸ் கட்டுக்கட்டாக அனுப்பியது. கொடி கேட்டால் மறுநாளே வந்துவிடும். கிளட்ச் பிளேட் கேட்டால் ஒன்றரை மாசம். முந்தாநாள்கூடச் சாரலில் நனைந்துகொண்டே ஏணி மேல் நின்று, ரோட்டோரம் அறுபது கொடி கட்டிவிட்டு வந்தார். சனிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும் என்று இந்த ரகுநந்தன்தான் நாலு தடவை போன் போட்டிருந்தான். நேற்று மத்தியானம் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

உள்ளே போகத் திரும்பியவள் அண்ணன் முத்துராஜ் கடைக்குள்ளிருந்து டெமோ வண்டியை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து அப்படியே நின்றாள். சிவப்பு வண்டி. ஹேண்டில்பாரில் ரோஜா மாலை போட்டிருந்தது. சொர்க்க ரதத்துக்கு முன்னால் அது போக வேண்டும், பின்னால் மற்ற ஊர் டீலர்கள் கம்பெனி டீசர்ட்டோடு நடக்க வேண்டும், வீடியோ எடுத்துத் தலைமை ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அண்ணனும் ரகுநந்தனும் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

அந்த வண்டி தெருவுக்கு வரக்கூடாது. அது ஏன் என்று உயிரோடு இருக்கிறவர்களில் அவளுக்கு மட்டுந்தான் முழுசாகத் தெரியும்.

ஸ்பேர் வராமல் வண்டி நின்றுபோனவர்கள் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டெமோ வண்டியிலிருந்து வேண்டியதைக் கழற்றி மாட்டி அனுப்பிவிடுவார். கம்பெனி அனுப்பியதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பார். கம்பெனி அனுப்பினால்தானே? மூன்று வருஷத்தில் அந்த வண்டி உள்ளே ஒன்றுமில்லாமல் போனது. மேனேஜர் வருகிறான் என்றால் அப்பா மூடிகளை எல்லாம் மாட்டித் துடைத்துப் பளபளவென்று நிறுத்திவைப்பார். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது இவள். டெமோ வண்டி கம்பெனியின் சொத்து. இன்றைக்கு அது திறந்தால், அப்பா பிணமாகக் கிடக்கும்போதே திருடன் என்று பெயர் வாங்குவார்.

அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த வண்டி வேண்டாம். உள்ள கொண்டுபோயிரு."

"ஏட்டி, நீ சும்மா இரு. கடைய எம்பேருக்கு மாத்தித் தாரேன்னு மேனேஜர் சொல்லுதான். வண்டி முன்னால போனா ஒனக்கு என்ன வந்துச்சு?"

திருப்பூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து ஏழு மாசமாக வீட்டில் இருக்கிறவன். அவன் கண்ணில் அழுகையைவிட அவசரந்தான் அதிகம் தெரிந்தது. அவள் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இவனே போய் மேனேஜரிடம் சொல்லிவிடுவான்.

நீர்மாலைக்குப் போனவர்கள் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டிக் கோடி போர்த்தினார்கள். கோடித் துணி மேல் ரகுநந்தன் கம்பெனிப் பெயர் போட்ட சால்வை ஒன்றை விரித்து, போட்டோவுக்கு எழுத்து தெரிகிறமாதிரி நீவிவிட்டான். தெருவில் சங்கு ஊதினார்கள். டீசர்ட் போட்ட ஒருவன் டெமோ வண்டியில் ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினான். சத்தமே இல்லை. கிக்கரை மிதித்தான். அழுகின பூசணிக்காயில் கால் வைத்தமாதிரி உள்ளே போயிற்று.

ரகுநந்தன் வந்து பக்கவாட்டு மூடியை இழுத்தான். கையோடு வந்தது. உள்ளேயிருந்து சுருட்டிச் சுருட்டி அடைத்திருந்த நோட்டீஸ்கள் பொதபொதவென்று ரோட்டில் விழுந்தன. மூடி ஆடக்கூடாதே என்று அப்பா அடைத்துவைத்தவை. பேட்டரி இருக்க வேண்டிய இடத்திலும் நோட்டீஸ்தான்.

சங்கு நின்றுபோனது. ரகுநந்தன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், போனை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டோ எடுக்க ஆரம்பித்தான். காலையில் பூசிக்கொண்ட சோகம் முகத்தில் மருந்துக்கும் இல்லை.

"கம்பெனி வண்டியைப் பிரிச்சு வித்திருக்கார். பாருங்க, நல்லாப் பாருங்க."

முத்துசெல்வி படியைவிட்டு இறங்கவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து கடையநல்லூர் பரீது முன்னால் வந்தார். தறிச் சேலைகளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக விற்கிறவர். இந்தக் கடையின் முதல் வாடிக்கை.

"வித்தாருன்னு சொல்லாதிய சார். அதுல உள்ள கிளட்ச் பிளேட்டு என் வண்டில கெடக்கு. ஒங்க கம்பெனி அனுப்பும், அப்பத் திருப்பித் தா போதும்னாரு அண்ணாச்சி. நீங்கதான் இன்னும் அனுப்பல."

பாவூர்சத்திரத்து மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர், பேட்டரி தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். செயின் சுந்தரபாண்டியபுரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சுவரோரம் நிறுத்தியிருந்த தங்கள் வண்டிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அண்ணன் மேனேஜர் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் நானே வாங்கிப் போட்டுவிடுகிறேன், கடை விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று குழைந்தான். அவள் காதில் தெளிவாக விழுந்தது. மேனேஜர் மேல் வந்ததைவிட அவன் மேல் அதிகமாக வந்தது அருவருப்பு. அதைவிடவும் தன் மேல். அப்பா பெயருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவள் அவள். அந்தப் பெயரைக் காப்பாற்றப் பரீது வரவேண்டியிருந்தது.

அவள் நேராக உள்ளே போய் அப்பா மேல் கிடந்த கம்பெனி சால்வையை உருவினாள். யாரும் தடுக்கவில்லை. கோடித் துணியைச் சரிசெய்துவிட்டு, சால்வையை எங்கே போடுவதென்று பார்த்து, மூலையில் கிடந்த வாளி மேல் போட்டாள். அப்பாவை ஏற்றிக்கொண்டு ரதம் கிளம்பியது. யாரும் சொல்லாமலே பரீதும் மற்றவர்களும் வண்டிகளை ஸ்டார்ட் செய்து, மெதுவாக முன்னால் போனார்கள். ஒரு வண்டிகூட இடையில் நின்றுபோகவில்லை.

பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள். முத்துசெல்வி சால்வையை வாளித் தண்ணீரில் முக்கி, அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தை முட்டி போட்டுத் துடைத்தாள். எழுத்துச் சாயம் போகவில்லை, ஆனால் துணி நன்றாகத் தண்ணீர் குடித்தது. நல்ல துணிதான் அனுப்பியிருக்கிறார்கள்.

வாசலில் நிழல் தட்டியது. ரகுநந்தன். சுடுகாட்டுக்குப் போகவில்லை. கையில் ஒரு தாள்.

"மேடம், வண்டி இந்த நிலைமையில இருந்துச்சுன்னு ஒரு சின்ன லெட்டர். நீங்க கையெழுத்து போட்டாப் போதும். தப்பா எடுத்துக்காதீங்க, புரொசீஜர்."

அவன் படியில் நின்றான். பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றவில்லை. முத்துசெல்வி எழுந்தாள். வாளியில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. பூவும் பொரியும் மிதந்த கலங்கல் தண்ணீர். அதை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், படியில் அப்படியே சாய்த்தாள்.

அவன் துள்ளி ரோட்டுக்கு இறங்கினான். அவள் விளக்குமாற்றை எடுத்து, அவன் நின்ற இடத்தையும் சேர்த்துத் தள்ளினாள். தண்ணீர் டெமோ வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் புகுந்து, விழுந்துகிடந்த நோட்டீஸ்களைக் கிளப்பிக்கொண்டு, ரோஜா இதழ்களோடு குற்றாலம் ரோட்டுச் சாக்கடைக்குப் போனது. ஒரு நோட்டீஸ் மட்டும் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

முத்துசெல்வி அடுத்த வாளிக்குத் தண்ணீர் பிடிக்க உள்ளே போனாள்.