இறந்தோர் பட்டியலில் தமிழ்ச்செல்வி

சர்க்கார் எந்த வேலையைக் கண்டுபிடித்தாலும் அது கடைசியில் அங்கன்வாடிக்காரி தலையில்தான் வந்து விடியும். சொட்டு மருந்தா, கூப்பிடு முத்துமீனாவை. வீட்டுக்கு வீடு கக்கூஸ் எண்ணணுமா, கூப்பிடு முத்துமீனாவை. கார்த்திகை மாதம் வாக்காளர் பட்டியலைத் திருத்தப்போகிறோம் என்று ஆரம்பித்தார்கள். பூலாங்கரட்டுப்பட்டி வாக்குச்சாவடியில் எண்ணூற்றுச் சொச்சம் பேர். அத்தனை பேருக்கும் வீடு தேடிப் படிவம் கொடுத்து, திருப்பி வாங்கி, செல்போன் செயலியில் ஏற்றுவது அவள் பாடு என்று ஆனது. பரவையிலிருந்து மாற்றலாகி அந்த ஊர் அங்கன்வாடிக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. யார் வீட்டில் யார் என்று பாதிப் பேரைத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

நல்லகாமன் வீடு கண்மாய்ப் பக்கம் கடைசி வீடு. பட்டியலில் அந்த வீட்டுக்கு மூன்று பெயர்: நல்லகாமன், மனைவி செல்லத்தாய், மகள் தமிழ்ச்செல்வி. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. இரண்டுக்கும் சந்தனமாலை, மேலே சிவப்பு பல்பு. ஒன்று அறுபதை நெருங்கிய பெண். மற்றது இருபது வயதுப் பிள்ளை, சிரிக்கப்போய் பாதியில் நிறுத்திக்கொண்ட முகம்.

நல்லகாமன் மனைவியின் இறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துக் கொடுத்தார். போய் இரண்டு வருசமாம். மகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

"அந்தப் புள்ளையும் போயிருச்சு தாயி," என்றார், படத்தைப் பார்க்காமல்.

"சர்ட்டிபிகேட் இருக்காய்யா?"

"அதெல்லாம் வாங்கல."

மாலை போட்டுத் தொங்கும் படத்தைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பெற்றவரைப் போட்டுக் குடைய மனசும் வரவில்லை. படிவத்தின் பின்னால் 'மகள் இறந்துவிட்டார்' என்று எழுதி நீட்டினாள். அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். விதிப்படி அக்கம்பக்கம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்று எதிர்வீட்டு ரோகிணியிடம் கேட்டாள். குழாயடியில் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. "அவுக வீட்ல சொன்னாச் சரிதான் டீச்சர்," என்று சொல்லிவிட்டு, குடத்தைக்கூட எடுக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் ரோகிணி.

மறுநாள் ஒரு கட்சியின் சாவடி முகவர் அருள்பாண்டி வந்து இறந்தோர் பட்டியலைச் சரிபார்த்தான். நல்லகாமனின் அண்ணன் மகன்தான் அவன். தமிழ்ச்செல்வி என்ற இடத்தில் அவன் பேனா நின்றது. பிறகு லேசாகச் சிரித்தான். "செத்தது செத்ததுதான். போடுங்க டீச்சர்," என்று கையெழுத்துப் போட்டான். முத்துமீனா செயலியில் 'இறப்பு' என்பதைத் தட்டினாள். 'பதிவு வெற்றி' என்று பச்சையில் வந்தது. ஒரு உயிர் போனதற்கு வெற்றியாம், கருமம்!

அன்றிலிருந்து அந்த முகம் அவளை விடவில்லை. பாலைக் காய்ச்சும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, அந்தப் பாதிச் சிரிப்பு வந்து நிற்கும். ஊரில் யாரிடமாவது அந்தப் பிள்ளைக்கு என்ன நோவு என்று பேச்சைக் கொடுத்தால் போதும், அவர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். இத்தனை சின்ன வயசில் செத்தவளைப் பற்றி ஒரு பொம்பளைகூட 'பாவம்' என்று சொல்லாத ஊரை முத்துமீனா அதுவரை பார்த்ததில்லை.

மார்கழியில் வரைவுப் பட்டியல் வெளியானது. நாலாவது நாள், உச்சிப்பொழுது. பிள்ளைகள் முட்டையும் சோறும் தின்றுவிட்டுப் பாயில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நிழல் விழுந்தது. முத்துமீனா நிமிர்ந்தாள். துப்பட்டாவால் முக்காடு போட்ட ஒருத்தி நின்றாள். முக்காட்டை விலக்கினாள்.

சுவரில் மாலையோடு தொங்கிய அதே முகம்.

உச்சிவேளையில் எது நடமாடும் என்று முத்துமீனாவுக்கும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். முதலில் காலைத்தான் பார்த்தாள். கால் இருந்தது. செருப்பில் கண்மாய்க்கரைச் செம்மண் அப்பியிருந்தது, விரலில் மெட்டி இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"முத்துமீனா டீச்சர் நீங்கதானக்கா?"

"நீ... யாரு தாயி?"

"நீங்க சாகடிச்ச தமிழ்ச்செல்வி."

சொல்லிவிட்டு அவளே உள்ளே வந்து, உறங்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் தெரியாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்பது வருசத்துக்கு முன்னால் சாதி விட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். புருசன் பாண்டிராஜ் பசுமலையில் மெக்கானிக். இவள் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிறாள். ஓட்டு மட்டும் இந்த ஊரிலேயே கிடந்தது. பெயர் இருக்கிறதா என்று அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடியிருக்கிறாள். நீக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தது. காரணம்: இறப்பு.

"ஓடிப்போன மூணாம் நாளு வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுல எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தாங்கக்கா. பஸ்ஸுக்குள்ள உக்காந்து நானே பாத்தேன். தோற்றம், மறைவுன்னு தேதியெல்லாம் போட்டு. எங்க ஆத்தா செத்ததுக்குக்கூட ஆள் சொல்லிவிடல. பதினாறாம் நாளு கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்." குரல் உடையவில்லை. அதுதான் முத்துமீனாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. "எங்க அப்பா எழுதிக் குடுத்தத நான் பாக்கணும்."

முத்துமீனா படிவத்தை எடுத்துக் காட்டினாள். தமிழ்ச்செல்வி அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அவருதுதான். ஊரு எழுதிச்சுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அவரேதான் எழுதியிருக்காரு."

"எனக்குத் தெரியாது தாயி. மாலை போட்ட படத்தப் பாத்து..."

"எம் பேருக்குப் பக்கத்துல அப்பா பேரு இருக்கிற ஒரே எடம் ஊர்ல இந்த லிஸ்ட்டுதான்க்கா. அதுக்காகத்தான் இம்புட்டு வருசமும் மாத்தாம வச்சிருந்தேன். அதுலயும் கொன்னுட்டாரு. நான் உசுரோட இருக்கேன்னு எழுதணும். அவரு கையால எழுதி வாங்கித் தாங்க."

நிரப்பிய படிவம், போட்டோ, பசுமலை விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, ஒரு பிள்ளை புரண்டு முனகியதும் எழுந்து முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். வந்த கரை வழியாகவே போனாள். வெயிலில் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற முத்துமீனாவுக்கு, வந்தது நிஜம்தானா என்று படிவத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

உயிரோடிருப்பவளைச் செத்தவள் என்று ஏற்றியது மேலே தெரிந்தால் வேலை போகும். அந்தப் பயம் ஒரு பக்கம். ஆனால் பயத்தைவிட அவளுக்குக் கோபம்தான் அதிகம். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நல்லகாமன் வீட்டில் போய் நின்றாள்.

"பெத்த மகளச் செத்துப்போச்சுன்னு எழுதிக்குடுக்க எப்படிய்யா மனசு வந்துச்சு? நீங்கள்லாம் சோத்தத்தான் திங்கிறீங்களா?"

நல்லகாமன் தெருவை ஒருதரம் பார்த்தார். கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்:

"புள்ளையப் பாத்தீகளா? எப்படித் தாயி இருக்கு? மெலிஞ்சிருச்சா?"

முத்துமீனாவுக்கு வாயில் வைத்திருந்த வசவெல்லாம் அப்படியே நின்றுபோனது.

"புள்ள போன அன்னைக்கு அருள்பாண்டியும் அவன் தம்பியும் ரெண்டு வண்டியில தேடுனானுக தாயி," என்றார் நல்லகாமன், மெல்ல. "வண்டியில என்ன இருந்துச்சுன்னு நான் பாத்தேன். கெஞ்சுனா விடுற ஆளுக இல்ல. அதான் நான் முந்திக்கிட்டேன். ஊர்க்கூட்டத்துல வச்சுத் தலை முழுகுனேன். மொட்டை போட்டேன். போஸ்டர் அடிச்சேன். கருமாதிச் சோறு போட்டேன், அவனுகளும் உக்காந்து தின்னானுக. பெத்தவனே கருமாதி வச்சுட்டான், இனிமே தேடிப்போனா நமக்குத்தான் அசிங்கம்னு நின்னுட்டானுக. செத்தவள யாரும் தேட மாட்டாங்கள்ல?"

"ஆத்தா செத்ததக்கூடச் சொல்லலியேய்யா."

"எப்படிச் சொல்றது? சுடுகாடு போற வரைக்கும் அவனுக கண்ணு ரோட்டுலதான் இருந்துச்சு. வந்திருந்தா திரும்பிப் போயிருக்காது. செல்லத்தாயி கடைசி வரைக்கும் பேரச் சொல்லிக் கேட்டுக்கிட்டேதான் கெடந்தா. நான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, உசுரோட இருக்குன்னு எழுதுனா வெலாசம் போடணுமா?"

"போடணும்யா."

"அத யாரு யாரு பாப்பாக?"

வருகிற கோரிக்கையெல்லாம் பட்டியலாகும். சாவடிச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு பிரதி கட்சி முகவர்களின் கைக்குப் போகும். அதாவது அருள்பாண்டி கைக்குப் போகும்.

அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்ப எம்மக செத்ததாவே இருக்கட்டும் தாயி," என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு முத்துமீனா பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. அருள்பாண்டி. கேட்காமலே உள்ளே வந்து மேசையில் இருந்த கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பினான்.

"புதுசா ஏதும் வந்துச்சா டீச்சர்?"

"ரெண்டு பேரு. பதினெட்டு முடிஞ்ச பயலுக."

தமிழ்ச்செல்வியின் படிவம் சத்துமாவு மூட்டைக்கு அடியில் இருந்தது. அந்த மூட்டை மேல்தான் அவன் கையை ஊன்றி நின்றான்.

"நேத்து உச்சிக்கு யாரோ முக்காடு போட்ட பொம்பள கரை வழியா வந்துட்டுப் போச்சாம்ல."

"எங்க நாத்தனா."

"நாத்தனாவுக்கு ரோட்டு வழி தெரியாதோ?"

"பஸ்ஸ விட்டுட்டா தம்பி. பக்கத்து ஊருல எறங்கிக் குறுக்கால நடந்து வந்தா. ஏன், கரை வழியா வந்தா வரி கட்டணுமா?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான், அன்றைக்குப் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்த மாதிரியே. "கோவப்படாதீங்க டீச்சர். நம்ம ஊரு, நாலும் பாத்துக்கிறணும்ல," என்று சொல்லிவிட்டுப் போனான். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகே முத்துமீனா மூட்டைக்கு அடியிலிருந்து படிவத்தை உருவினாள். அந்தப் படத்துப் பெண்ணைக் கண்டு இத்தனை நாள் பயந்தோமே, உயிரோடு வண்டியில் சுற்றுகிறதை விட்டுவிட்டு என்று தன்னையே வைதுகொண்டாள்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பசுமலைக்குப் போன் செய்தாள். விசயத்தைச் சொன்னாள்.

"அப்பா சொன்னத அப்படியே சொல்லுங்கக்கா. ஒரு வார்த்தை விடாம."

முத்துமீனா சொன்னாள். மெலிஞ்சிருச்சா என்று கேட்டதிலிருந்து கும்பிட்டது வரைக்கும் சொன்னாள்.

"ஒம்பது வருசம்க்கா," என்றாள் தமிழ்ச்செல்வி. இந்தத் தடவை குரல் உடைந்தது. "ஒம்பது வருசமா தெனமும் அவரு நாசமாப் போகணும்னு வஞ்சுக்கிட்டே இருந்தேன். எங்க ஆத்தா போனதுக்கு அவருக்குச் சாபம் விட்டேன்க்கா." அழுது முடிக்கும்வரை முத்துமீனா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பாரத்தக் கிழிச்சிருங்க," என்றாள்.

கிழித்தால் போதாது என்று முத்துமீனா அதை அடுப்பில் காட்டினாள். போட்டோ சுருண்டு கருகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பசுமலையில் புது வாக்காளராக விண்ணப்பம் போட வழி இருந்தது. உறவினர் பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பன் பெயருக்குப் பதில் புருசன் பெயரை எழுதலாம். பசுமலைப் பட்டியலைப் பூலாங்கரட்டுப்பட்டியில் யார் புரட்டப்போகிறார்கள்? முப்பது வயதில் தமிழ்ச்செல்வி, கணவர் பாண்டிராஜ், என்று அங்கே புதிதாக ஏறினாள். இங்கே செத்தவளாகவே போனாள். தப்பாக ஏற்றிய ஒரு பதிவை முத்துமீனா கடைசிவரை திருத்தவில்லை. அதற்காக அவளுக்கு உறக்கமும் கெடவில்லை.

சித்திரையில் தேர்தல். சாவடிக்கு நூறு மீட்டர் தள்ளி வேப்பமரத்தடியில் மேசை போட்டு, பட்டியலை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வரிசை எண் சொல்லிக்கொண்டிருந்தாள் முத்துமீனா. அருள்பாண்டி முகவராகச் சாவடிக்குள் உட்கார்ந்திருந்தான். பத்து மணிவாக்கில் அவள் போனில் ஒரு படம் வந்தது. முகம் இல்லை, எழுத்தும் இல்லை. இடதுகை ஆள்காட்டி விரல் மட்டும், மையோடு.

நல்லகாமன் வெள்ளை வேட்டியில் தனியாக வந்தார். வரிசை எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதும் சாக்கில் முத்துமீனா போனைப் பட்டியலுக்கு மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். விரலின் நடுக்கணுவில், மைக்குக் கீழே, வெள்ளையாக ஒரு தழும்பு ஓடியது.

"புல்லறுக்கையில அருவா பட்டது," என்றார், உதடு அசையாமல். "ஏழு வயசு. நான்தான் பச்சிலை கசக்கி வச்சுக் கட்டுனேன். அழவே இல்ல அன்னைக்கு."

தழும்பின் மேல் அவர் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தார். படம் பெரிதாகி, திரை முழுக்கத் தழும்பு மட்டும் நின்றது. பின்னால் நாலு பேர் வரிசை எண்ணுக்காக வந்து நின்றார்கள். அவர் துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு போனை அவள் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"அழிச்சிருங்க தாயி."

"இருக்கட்டுமேய்யா. விரல்தான, யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சிச்சுல்ல. உள்ள உக்காந்திருக்கிறவனும் புள்ளகூடத்தான வளந்தான். அழிங்க."

அவள் அழித்தாள். அவர் நகரவில்லை.

"அழிஞ்சிருச்சா?"

"அழிஞ்சிருச்சுய்யா."

திரையை அவரே ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, ஓட்டுப் போடப் போனார்.