தடத்தில் கொட்டிய முள்

ஐப்பசி மழையில் மூக்காயியின் கிளுவை வேலி ஒரு வண்டி நீளத்துக்குச் சாய்ந்துபோனது. நாளைக்குக் கட்டலாம், நாளைக்குக் கட்டலாம் என்று அவள் புருஷன் மலைச்சாமி தள்ளிப்போட்டான். அவர்களுடைய இரண்டு எருமைகளும் அதுவரை பொறுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் உடையப்பன் போட்டிருந்த கடலைக்குள் இறங்கி, விடியுமுன் நாலைந்து பாத்திகளை மொட்டையடித்துவிட்டன.

உடையப்பன் எருமைகளைப் பிடித்துக்கொண்டுபோய் ஊர்ப் பட்டியில் அடைக்கவில்லை. வந்து சண்டையும் போடவில்லை. கண்மாய்க் கரையில் வெட்டிய உடைமுள்ளை வண்டியில் கொண்டுவந்து, தன் நிலத்து ஓரமாகப் போகிற வண்டித் தடத்தில் கொட்டி அடைத்துவிட்டார். மூக்காயி வீட்டார் செம்பட்டி ரோட்டுக்குப் போக அதை விட்டால் வேறு வழி கிடையாது. அவர்கள் பிடுங்கிய வெங்காயம் களத்தில் குவிந்து கிடந்தது. வானம் மறுபடியும் கருத்துக்கொண்டு வந்தது.

மலைச்சாமிக்கு ஆத்திரம் பொங்கியது. “அவரு மாடு நம்ம கிணத்துத் தொட்டியிலதான தண்ணி குடிக்குது? தொட்டியக் கவுத்துப் போட்டுட்டா தன்னால வருவாரு.”

“அவரு மாடு என்ன பாவம் பண்ணுச்சு? வேலியக் கட்டாதது நாம. அந்தக் கவைக்கம்ப எடுங்க” என்றாள் மூக்காயி.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தடத்துக்குப் போனாள். கவைக்கம்பால் முள்ளைக் குத்தித் தூக்கி, சாய்ந்த வேலிக்கு இழுத்துப்போனாள். மலைச்சாமி புதிய கிளுவைப் போத்துகளை நட்டு நிறுத்த, அவற்றுக்கு இடையில் முள்ளை வைத்து அமுக்கிப் பனைநாரால் இறுகக் கட்டினாள். கையெல்லாம் கீறி ரத்தம் துளிர்த்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. உச்சிப் பொழுதுக்குள் தடத்தில் பாதி முள் நீங்கியிருந்தது.

உடையப்பன் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏத்தா, யாரக் கேட்டு என் முள்ளத் தொட்ட?”

“ஒங்க கடலையக் காக்கத்தான அண்ணே வெட்டுனீக? அது தடத்துல கெடந்தா கடலைக்கு என்ன காவலு? அதான் வேலிக்குக் கொண்டு போறேன். வேண்டாம்னா சொல்லுங்க, பிரிச்சுத் தந்துர்றேன்.”

அவர் வேலியைப் பார்த்தார். எருமை தலையை நுழைக்க இடமில்லாமல் அடைத்திருந்தது. அதைப் பிரிக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“வேலி சரி. தடம் என் பட்டாவுல இருக்கு” என்றார்.

“பட்டா ஒங்களுதுதான். எங்க மாமனாரு ஒங்க அப்பாவுக்கு நெலத்த வித்தப்ப, வண்டி போக வர இந்த ஓரத்துல தடம் விடணும்னு பேசித்தான வித்தாரு? ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று பொய் சொல்ல உடையப்பனால் முடியவில்லை.

மூக்காயி குரலைத் தணித்தாள். “கடலை போனது எங்க தப்பு, அண்ணே. வேலிய அன்னைக்கே கட்டியிருக்கணும். எங்க குப்பையில மக்குன எரு கெடக்கு. ரெண்டு வண்டி ஒங்க தோட்டத்துல கொண்டாந்து கொட்டுறோம். இனி அந்த வேலி சாஞ்சா என்னையக் கேளுங்க. தடத்த மட்டும் அடைக்காதீக.”

உடையப்பன் தடம் தொடங்கும் வாயைத் திரும்பிப் பார்த்தார். “வண்டி போகட்டும். ஆனா வாய்ல ஒரு படல் கட்டுவேன். போறப்ப தொறந்தா, தாண்டுனதும் சாத்தணும்.”

“சாத்துறோம்.”

மிச்ச முள்ளை அவரே ஒரு பக்கம் பிடித்து இழுத்தார். பொழுது சாயுமுன் மூங்கில் தட்டியில் ஒரு படல் கட்டித் தடத்தின் வாயில் நிறுத்தினார்.

மறுநாள் காலையில், மழைக்கு முன்பே வெங்காய வண்டி கிளம்பியது. தடத்தைத் தாண்டியதும் மூக்காயி இறங்கிப் படலைச் சாத்திக் கயிற்றை முடிந்தாள். கடலைக்குள் நின்ற உடையப்பன் நடந்து வந்து, அந்த முடிச்சை அவிழ்த்து, இன்னும் இறுக்கிப் போட்டார்.

மலைச்சாமி முறைத்தான்.

“போட்டுக்கிறட்டும். நீங்க மாட்ட ஓட்டுங்க” என்று மூக்காயி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள்.