மாடியம்மா

கல்லூரி விடுதியில், மூன்றாவது மாடியின் கடைசி அறை அவளுடையது. ஒருத்திக்கென்று கொடுத்த அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். வீடு கைவிட்டுப் போனபின் அம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரு வாரம் என்று வந்தவள், ஒரு வருஷமாகக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தாள்.

வார்டனுக்குத்தான் தெரியாது. மாடி முழுக்கத் தெரியும். பரீட்சை நாட்களில் விடியுமுன் ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்புவாள் அம்மா. காய்ச்சல்காரியின் நெற்றியில் ஈரத்துணி போடுவாள். எவளாவது அழுதுகொண்டு வந்தால், கிழிந்த தலையணை உறையைத் தைத்தபடி, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் மாடியம்மா.

அப்போதுதான் விடுதியைப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தார்கள். மாணவிகள் கூடிப் படிக்க வேண்டும், ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். அதற்காகச் சுவர்களை இடித்துக் கண்ணாடி வைப்பார்களாம். கருத்துக் கேட்க ஒரு கூட்டம்.

"வாயைத் திறந்தீங்க, அம்மா தெருவுலதான்" என்று மகள் ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

கூட்டத்தில், கட்டட வரைபடம் போடுகிறவர் கேட்டார். "மூணாவது மாடில மட்டும் யாருமே ஃபெயில் ஆகலையே. என்னம்மா ரகசியம்?"

பக்கத்து அறை வாயாடிக்குப் பெருமை தாங்கவில்லை. "நாங்க அலாரமே வைக்கிறதில்ல சார். மாடியம்மா எழுப்பிடுவாங்க."

பக்கத்திலிருந்தவள் வாயாடியின் காலை மிதித்தாள்.

"அது யாரு?" என்றாள் வார்டன்.

"பூனை மேடம்" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"பூனை கதவைத் தட்டுதா?"

யாரோ சிரித்தார்கள். வார்டன் சிரிக்கவில்லை. எழுந்து மாடியேறினாள். மகள் பின்னாலேயே ஓடினாள். அதற்குள் வார்டன் ஒவ்வொரு கதவாகத் தட்டி, கடைசிக் கதவையும் தட்டிவிட்டாள். எவளோ அழுதுகொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து, அம்மாவே கதவைத் திறந்தாள்.

"என்ன கண்ணு?"

மறுநாளே அம்மாவை ஊருக்கு வெளியே உள்ள பெண்கள் இல்லத்தில் சேர்த்தார்கள். "நானும் வந்துடறேன்மா" என்றவளிடம், "படிக்க வந்தவ படி. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றாள் அம்மா. ஞாயிறன்று பார்க்க விடுவார்கள். அங்கே மணியடித்து எழுப்புகிறார்களாம்.

விடுமுறை முடிந்து திரும்பியபோது கடைசி அறையே இல்லை. பாய் கிடந்த இடத்தில் வட்டமேசை. 'துணைக்கூடம்' என்று எழுதியிருந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை. அவளுக்கு அதே மாடியின் நடுவில் வேறொரு அறை கொடுத்தார்கள்.

பரீட்சையன்று அறைக்கு அறை அலாரம் அலறியது. ஒவ்வொன்றாக அடங்கின, கதவுகள் திறந்தன, மூடின. ஒன்று மட்டும் நிற்கவேயில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், போர்வைக்குள் வாயாடி தூங்குவது தெளிவாகத் தெரிந்தது. பார்த்தபடியே மற்றவர்கள் கடந்து போனார்கள்.

அவள் நின்றாள். கையை உயர்த்தினாள். அம்மாவாக இருந்தால் தட்டியிருப்பாள்.

கையை இறக்கிக்கொண்டு படியிறங்கினாள். வாசல்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.