பாதிச் சாணி

"பாதி என்னுதுங்க. கொட்டில் கூட்டுறவளுக்குப் பாதிச் சாணி. முப்பது வருசமா..."

"முப்பது வருசமா எடுத்தே, சரி. இப்ப தொட்டிக்கு அஞ்சு மாட்டுச் சாணியும் வேணும்னு..."

"அப்ப என் அடுப்புக்கு?"

"நான் பேசி முடிக்கறதுக்குள்ள நீ பேசாதே வேம்பு."

"நீங்க முடிச்சா நான் வெறுங்கூடையோட போகணும். அதான் முடிக்க விடலைங்க."

ஆனந்தவல்லிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கொல்லையில் புதுத் தொட்டி தயாராக இருந்தது. கிணறு மாதிரி வெட்டிச் சாணியைக் கரைத்து விட்டு, மேலே பெரிய இரும்புக் கொப்பரையைக் கவிழ்த்திருந்தார்கள். வாயு சேரச் சேரக் கொப்பரை எழும்பும். அடுப்பு எரிய எரிய இறங்கும். புகையில்லாமல் அம்மா சமைக்கட்டும் என்று சிங்கப்பூரிலிருந்து மகன் எழுதி ஏற்பாடு செய்தது.

"வட்டார ஆபீஸ் ஜெக்கரியா என்ன சொன்னார் தெரியுமா? எண்ணெய்க்கு நாடே வெளிநாட்டுக் கப்பலைப் பாத்துக்கிட்டு நிக்குதாம். இங்க இருக்கிற சாணியை எல்லாம் தொட்டியில விட்டா ஊர் ஊருக்கு அடுப்பெரியுமாம்."

"ஊருக்கு எரியும். எனக்கு? வறட்டிக்குச் சாணிய நான் எங்க போய்ப் பொறுக்கறது?"

"நீ குடியிருக்கிற மனையே எங்க மாமனார் விட்டது. அதை நினைச்சுப் பேசு."

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

"அது அப்பங்க. இப்ப பட்டா என் பேர்ல இருக்கு. அதுக்காக எங்க வீட்டுக்காரர் கொடி புடிச்சாரு, உங்க வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனாரு. ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. நாம சாணிக்கு நிக்கறோம்."

வேம்பு விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

கொல்லைப்படலைத் திறக்கும்போதே, "செவலை தண்ணி குடிச்சுச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் அவள் வருவாள். அந்த வீட்டில் ஒரு நாளில் கேட்கப்படுகிற கேள்வி அது ஒன்றுதான். பால் கறக்க வரும் இளையபெருமாள் மாட்டோடுகூடப் பேசாத மனிதர்.

ஆனந்தவல்லியே சாணி அள்ளிக் கரைத்து ஊற்றினாள். அடுப்பு நீலமாக எரிந்தது. கால் படி அரிசி கொதித்து முடிந்த பிறகும் கொப்பரை பாதி உயரத்தில் நின்றது. நாற்றம்தான் தாங்கவில்லை. கொட்டில் முழுக்கப் பினாயில் விட்டுக் கழுவினாள், தினமும். கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குள் போனது.

பத்தாம் நாள் அடுப்பு பற்றவில்லை. கொப்பரை தரையோடு கிடந்தது. ஜெக்கரியாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

"கொட்டிலை எதைப் போட்டுக் கழுவினீங்கம்மா?"

"பினாயில்."

"போச்சு. சாணியில இருக்கிற கிருமிதான் வாயுவை உண்டாக்குது. அதை எல்லாம் கொன்னுட்டீங்க. தொட்டியைக் காலி பண்ணிப் புதுசா நிரப்பணும். முன்னாடி யாரு கழுவுவா?"

"வேம்பு. வெறும் தண்ணிதான் விடுவா."

"அவங்களையே கூப்பிடுங்க. அப்புறம், ஒரு ஆளுக்கு ரெண்டு மாட்டுச் சாணியே தாராளம்."

"அஞ்சு மாடுன்னு நீங்கதானே எழுதிக்கிட்டுப் போனீங்க?"

"அது மானிய ஃபாரத்துக்குங்க. மாட்டுக் கணக்கு காட்டணும்ல."

அன்று சாயங்காலமே வேம்புவின் தெருவுக்குப் போனாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை. எந்த வீடு என்று மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது. வேம்பு வாய்க்கால் கரையில் ஒடித்த காட்டாமணக்குக் குச்சியை அடுப்பில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். குச்சி ஈரம். வீடெல்லாம் புகை.

"உள்ள வராதீங்க, கண்ணு எரியும்."

"எரியட்டும்." ஆனந்தவல்லி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "எங்க அடுப்பும் எரியலை."

"கேள்விப்பட்டேன். பினாயில் ஊத்தினீங்களாமே. சாணியையே குளிப்பாட்டி விட்டிருக்கீங்க."

"பாதி உன்னுது வேம்பு. பாதிக்கு மேலேயே எடுத்துக்கோ. தொட்டிக்கு ரெண்டு மாட்டுதே போதுமாம்."

"போதும்னு இப்பத்தான் தெரியுதாக்கும்."

"இப்பத்தான் சொன்னாங்க."

"என் மருமவ கூத்தாநல்லூர்ல அரிசி மில்லுல சொல்லி வச்சிருக்கா. உமியும் கிடைக்கும், கூலியும் கிடைக்கும். திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

வேம்பு ஊதுகுழலை எடுத்தாள். தீ பிடித்தது, அணைந்தது, மறுபடி பிடித்தது. அவள் திரும்பவில்லை. ஆனந்தவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மில்லுக்கு எங்க கொல்லை வழியாத்தானே போவே. சாணி எடுக்க வேணாம், கூட்ட வேணாம். செவலை தண்ணி குடிச்சுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறியா?"