கால் படாத ஓட்டங்கள்

கிள்ளானில் லோரி ஓட்டும் பாலனின் மகள் அமுதவள்ளியின் கால்கள், ஆயுத பூசைக்கு மறுநாளிலிருந்து எந்த பேஸ் மீதும் படவில்லை. மண்ணில் பட்டன, புல்லில் பட்டன, பஸ் படியில் பட்டன. சாஃப்ட்பால் திடலின் நான்கு மூலைகளில் கிடக்கும் அந்த வெள்ளை ரப்பர் பலகைகளுக்கு மேல் மட்டும் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டன. குற்றம் அவள்மேல்தான். அப்பா லோரிக்குச் சந்தனம் வைத்தபோது இவள் கல்லூரிக் குழுவின் மட்டைக்கும் கையுறைக்கும் பொட்டு வைத்தாள், அதோடு நிறுத்தியிருக்கலாம். பேஸ்களையும் வீட்டுக்குத் தூக்கி வந்து, கழுவி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டாள். கும்பிட்டதைக் கால் எப்படி மிதிக்கும்? அப்பா மறுநாளே லோரியில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தார். அவர் மனது அப்படி, மகள் மனது இப்படி.

பந்தை அடித்துவிட்டு நான்கு பேஸ்களையும் சுற்றி ஓடுகிறவள் ஒன்றைத் தொடாவிட்டாலும் அவுட். அந்தப் பருவத்தில் ஆறு முறை பந்தை வேலிக்கு வெளியே அடித்தாள், ஆறு முறையும் அவுட். அம்பயர்கள் குனிந்து பார்த்தார்கள்; காலுக்கும் பேஸுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, எழுதிக்கொண்டார்கள். தேசியக் குழுத் தேர்வு நெருங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் பயிற்சியாளர் மும்தாஜ் தலையில் அடித்துக்கொண்டார். "வெறும் ரப்பர்லா அமுதா. ஒரு தடவை எட்டி உதை, எல்லாம் சரியாப் போயிடும்." அமுதவள்ளி பேஸைப் பார்த்தாள். "உதைக்க மாட்டேன் கோச். ஆனா டீமுக்கு வருவேன்."

விதிப் புத்தகத்தை மூன்று நாள் வரிவரியாகப் படித்தாள். தொட வேண்டும் என்றிருந்தது. காலால் என்று எங்கும் இல்லை. அன்றிலிருந்து ஓடுகிற வேகத்திலேயே குனிந்து கையால் தொட்டுப் பழகினாள். விழுந்தாள், தாடையில் தையல் போட்டார்கள், நகங்கள் பெயர்ந்தன. "என்னா தங்கச்சி, கம்மல் தொலைஞ்சிருச்சா?" என்று வேலிக்கு வெளியே ஒருவன் சிரித்தான். அழுதாள், அழுதுகொண்டே மறுபடி ஓடினாள். குனிவதில் அரை வினாடி வீணாகிறது என்று தேர்வாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு கால் வினாடி, மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் ஆண்டுத் தேர்வு ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேஸைக் காத்து நின்ற கேட்சர் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அமுதவள்ளி தலைகுப்புறப் பாய்ந்து, கேட்சரின் இரண்டு சப்பாத்துக் கால்களுக்கு இடையே விரலை நுழைத்துக் கடைசி பேஸைத் தொட்டாள். மும்தாஜ் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

ஒன்பது ஆண்டுகள் மலேசியாவுக்கு ஆடினாள். வெளிநாட்டு அம்பயர்களும் அவள் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பேஸைத் தொட்ட கையை அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்வரை காத்திருந்து, அதன் பிறகே கைகளை விரித்து 'சேஃப்' என்றார்கள்.